இனிப்புநீர் உள்ள தாயின் குழந்தைக்கு இரத்தச் சர்க்கரை (டிஎக்ஸ்டி) 1.9: பாலா, ஜெல்லா, டிரிப்பா?

ஜெலுத்தோங்_ஹவுஸ்மேன்

எல்லாருக்கும் வணக்கம். பினாங்கில் குழந்தைகள் பிரிவுக்கு மாறி வந்திருக்கிறேன். ஒரு மாதிரிக் கேஸ் வைக்கிறேன், பிரித்து மேயுங்கள்.

அம்மாவுக்குக் கர்ப்பகால இனிப்புநீர் (நீரிழிவு), இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். 37 வாரம் 4 நாள், சிசேரியன், ஆண் குழந்தை, 3.9 கிலோ. பிறந்ததும் நன்றாக அழுதான், நிறம் நன்று, மூச்சு இரைப்பு இல்லை. ஒரு மணி நேரத்தில் டிஎக்ஸ்டி, அதாவது குதிகாலில் குத்தி மீட்டரில் பார்க்கும் சர்க்கரை, லிட்டருக்கு 1.9 மில்லிமோல். குழந்தை கையைக் காலை ஆட்டிக்கொண்டு, வாயைத் திறந்து பால் தேடுகிறான்.

"2.6க்குக் கீழே எதுவா இருந்தாலும் பிரானுலா போட்டு டிரிப் ஏத்து" என்பது ஒரு தரப்பு (பிரானுலா என்றால் நரம்பில் செருகும் சின்னக் குழாய்). "பாலைக் குடு, அரை மணியில திரும்பப் பாரு" என்பது இன்னொரு தரப்பு. மனப்பாடம் பண்ண எனக்கு இரண்டும் சுலபம். காரணம்தான் வேண்டும்.

செந்தூல்_பேபிடாக்டர்

தம்பி, அந்த எண்ணோடு இன்னும் இரண்டு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் சண்டை பாதி முடிந்துவிடும். பிறந்து எத்தனை மணி நேரம்? அறிகுறி இருக்கிறதா?

முதல் கேள்வி ஏன் என்றால், பிறந்த எல்லாக் குழந்தைக்கும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். தொப்புள்கொடியைக் கிளிப் போட்ட நிமிடமே அம்மாவிடமிருந்து வந்த குளுக்கோஸ் நின்றுபோகிறது. கல்லீரல் தன் கிளைக்கோஜனை (சேமித்து வைத்த சர்க்கரையை) உடைத்து விட ஆரம்பிக்க கொஞ்ச நேரம் பிடிக்கும். சாதாரணக் குழந்தை இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் தானாக ஏறிவரும்.

இனிப்புநீர் தாயின் குழந்தைக்கு இந்த இறக்கம் ஆழமாகவும் இருக்கும், மெதுவாகவும் ஏறும். நஞ்சுக்கொடி வழியாகக் குளுக்கோஸ் தாராளமாகக் கடக்கும்; அம்மாவின் இன்சுலின் கடக்காது. அதனால் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறும்போதெல்லாம் குழந்தையின் கணையம்தான் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளித்திருக்கிறது. வாரக்கணக்கில் அப்படி உழைத்துப் பெருத்த கணையம், கொடி அறுந்ததும் சட்டென்று அடங்காது. குளுக்கோஸ் வரத்து நின்றது, இன்சுலின் நிற்கவில்லை. அதே இன்சுலின் கல்லீரலைச் சர்க்கரை வெளியே விடாமல் பூட்டுகிறது, கொழுப்பை உடைத்துக் கீட்டோன் உண்டாக்குவதையும் தடுக்கிறது. மூளைக்குக் குளுக்கோஸும் குறைவு, மாற்று எரிபொருளும் குறைவு. இந்தப் பிள்ளைகளை விட்டுப் பார்க்கக்கூடாது என்பதற்குக் காரணம் இந்தக் கடைசி வரிதான்.

இப்போது உங்கள் கேஸ். மலேசியாவில் பழக்கத்தில் உள்ள கோடுகள் இவை:

முதல் 4 மணி நேரம், அறிகுறி இல்லை, 1.5 முதல் 2.5 வரை: உடனே பால், டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஜெல் இருந்தால் ஜெல், அரை மணியில் மறுபடி அளவு.

1.5க்குக் கீழே, அல்லது அறிகுறியோடு எந்தக் குறைந்த எண்ணும்: நரம்பு வழி டெக்ஸ்ட்ரோஸ், அப்போதே. பாலுக்காகக் காத்திருப்பு இல்லை.

4 மணி நேரத்துக்குப் பிறகு: 2.6க்குக் கீழே போகக்கூடாது. பால் கொடுத்தும் ஏறாவிட்டால் டிரிப்.

ஆக 1 மணி நேரம், 1.9, சுறுசுறுப்பான குழந்தை என்றால் முதலில் வாய் வழி. ஆனால் அரை மணியில் என்பது அரை மணியில்தான். அந்த இடத்தில்தான் வார்டுகள் கோட்டை விடுகின்றன: பால் கொடுத்த நிம்மதியில் அடுத்த அளவு இரண்டு மணி நேரம் கழித்து எடுக்கப்படும்.

பிறை_சிஸ்டர்

டாக்டர் சொன்ன அறிகுறிகள கொஞ்சம் விரிச்சுச் சொல்லிடுறேன், ஏன்னா தொட்டில் பக்கத்துல நிக்கிறது நாங்கதான்.

நடுக்கம் மட்டும் அறிகுறின்னு நெனச்சுக்காதீங்க. துவண்டு கிடக்கிறது, பால் குடிச்சிட்டிருந்த பிள்ள திடீர்னு மாட்டேங்கிறது, கீச்சுக் குரல்ல அழுவுறது, மூச்சு நின்னு நின்னு வர்றது, உதடு நீலம், உடம்பு சில்லுனு போறது, கடைசியா வலிப்பு. தூங்குற பிள்ளன்னு விட்டுட்டுப் போற பிள்ளதான் ஆபத்து. மூணு மணிக்கொரு தடவ பாலுக்கு எழுப்புறப்ப அது எப்படி முழிக்குதுன்னு பாருங்க.

நடுக்கமா வலிப்பான்னு சந்தேகமா? ஆடுற கையையோ காலையோ மெதுவா மடக்கிப் பிடிங்க. நடுக்கம் நின்னுடும். வலிப்பு உங்க கைக்குள்ளயும் துடிச்சிட்டே இருக்கும், கண்ணும் ஒரு பக்கமா இழுக்கும்.

இன்னொன்னு, 1.9ங்கிற எண்ண நம்புறதுக்கு முன்னாடி அத எப்படி எடுத்தாங்கன்னு கேளுங்க தம்பி:

குதிகால் சில்லுனு இருந்தா வெதுவெதுப்பான துணி சுத்தி 3, 5 நிமிஷம் வைங்க. குத்துற இடம் குதிகாலோட ஓரம், நடுவுல குத்தக்கூடாது, எலும்பு பக்கத்துல இருக்கு. ஆல்கஹால் துடைச்சா முழுசா காயணும். முதல் சொட்டத் துடைச்சிட்டு, தானா திரண்டு தொங்குற ரெண்டாவது சொட்ட எடுங்க. பிதுக்கிப் பிதுக்கி எடுத்தா திசு நீர் கலந்துடும்.

நம்ம கையில பால் மாவோ ஜெல்லோ ஒட்டியிருந்தா எண் பொய்யா ஏறும். கையுறை மாத்துங்க. டிரிப் ஓடுற அதே கை கால்ல எடுத்தாலும் அப்படித்தான், 9, 10னு காட்டும். பார்த்துட்டு டிரிப்ப நிறுத்துனீங்கன்னா பிள்ள கதி என்ன?

ஸ்ட்ரிப் டப்பா மூடி. இது நம்ம ஊரு ஈரக்காத்து. எடுத்ததும் மூடணும். மூடாத டப்பா ஸ்ட்ரிப்ப நம்பாதீங்க.

அளவு எப்பவும் பாலுக்கு முன்னாடி. பால் குடிச்சு அரை மணியில எடுக்கிறது, குறைஞ்சத சரிபண்ணின பிறகு பார்க்கிற அளவுக்கு மட்டும்.

லேப்காரன்_கெப்போங்

சிஸ்டர் சொன்னதோடு லேப் பக்கத்திலிருந்து சில.

குளுக்கோமீட்டர் பெரியவர்களின் உயர்ந்த அளவைக் கண்காணிக்க வந்த கருவி. 2, 3 என்ற தாழ்ந்த எல்லையில் அதன் பிழை பெரிது. 2.4 என்று காட்டினால் உண்மையில் 2.8 ஆகவும் இருக்கலாம், 2.0 ஆகவும் இருக்கலாம். அதனால் மீட்டர் ஆளை எச்சரிக்க மட்டும். உறுதி செய்ய லேப் பிளாஸ்மா குளுக்கோஸ் அல்லது இரத்த வாயு மெஷின். வாயு மெஷின் வார்டிலேயே இருந்தால் அதுதான் சிறந்தது, ஓரிரு நிமிடத்தில் முடிவு.

இனிப்புநீர் தாயின் குழந்தைகளுக்கு இன்னொரு சிக்கல்: சிவப்பணு அதிகம். ஹீமட்டோக்ரிட் (இரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு) 65% தாண்டும் பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் நிறைய. ஹீமட்டோக்ரிட் ஏற ஏற மீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். முகம் செக்கச்செவேல் என்று இருக்கும் குழந்தைக்குத் திரும்பத் திரும்ப 2.2, 2.3 வந்தால் முழு இரத்த எண்ணிக்கையும் சேர்த்து அனுப்புங்கள்.

மீட்டர் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள், லேப் எண்ணும் பொய்யாகக் குறைந்து காட்டும். குழாய்க்குள் போன பிறகும் சிவப்பணு குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரணமாக மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும். சிவப்பணு அதிகமுள்ள பச்சிளம் இரத்தத்தில் இன்னும் வேகம். சாம்பல் மூடி ஃபுளோரைடு குழாய் பயன்படுத்துங்கள், கோடு வரை நிரப்புங்கள், உடனே அனுப்புங்கள். போர்ட்டர் வருவார் என்று கவுண்டரில் ஒன்றரை மணி நேரம் கிடந்த குழாயின் எண்ணை வைத்துக் குழந்தைக்குச் சிகிச்சை மாற்றாதீர்கள்.

முக்கியமாக: லேப் முடிவு வரும்வரை பாலையோ டிரிப்பையோ தள்ளிப்போடக் கூடாது. இரத்தத்தை எடுத்து அனுப்பிவிட்டுச் சிகிச்சையை ஆரம்பியுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மருந்தாளர்

கணக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். 3.9 கிலோ குழந்தைக்கு:

40% டெக்ஸ்ட்ரோஸ் ஜெல், கிலோவுக்கு 0.5 மில்லி: 1.95, அதாவது 2 மில்லி. இது கிலோவுக்கு 200 மில்லிகிராம் குளுக்கோஸ்.

போலஸ் (நரம்பில் ஒரே தவணையாகத் தள்ளுவது) தேவைப்பட்டால் டெக்ஸ்ட்ரோஸ் 10%, கிலோவுக்கு 2 மில்லி: 7.8 மில்லி. சில நிமிடத்தில் மெதுவாக. இதுவும் கிலோவுக்கு 200 மில்லிகிராம்தான், ஜெல் அளவே.

டிரிப் (அதே 10%), நாளொன்றுக்குக் கிலோவுக்கு 60 மில்லி: 234 மில்லி, மணிக்கு 9.75. குளுக்கோஸ் வேகம் 4.2.

90 மில்லிக்கு உயர்த்தினால்: 351 மில்லி, மணிக்கு 14.6. வேகம் 6.25.

வேகம் என்பது நிமிடத்துக்குக் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்பது. சூத்திரம்: டெக்ஸ்ட்ரோஸ் விழுக்காடு × மணிக்கு ஓடும் மில்லி ÷ (எடை × 6). சுவரில் ஒட்டி வையுங்கள். ஆரோக்கியமான பச்சிளம் கல்லீரல் தானாக விடுவது 4 முதல் 6 வரை. அதனால்தான் டிரிப்பை அந்த இடத்தில் தொடங்குகிறோம்.

ஜெல் கொடுக்கும் முறையில்தான் பாதி வீணாகிறது. ஊசி இல்லாத வாய்வழி சிரிஞ்ச். கன்னத்தின் உட்பக்கத்தைக் காஸ் துணியால் ஒற்றி உலர்த்துங்கள். எச்சிலும் பாலும் இருந்தால் ஜெல் வழுக்கி வெளியே வரும். பாதி ஒரு கன்னம், பாதி மறு கன்னம், கையுறை விரலால் மெதுவாகத் தேய்க்கவும். தேய்த்ததும் பால். நாக்கில் பிழிந்துவிட்டுப் போவது ஜெல் கொடுத்த கணக்கில் வராது.

ஜெல் ஏதோ நாட்டு வைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு: நியூசிலாந்து ஹாமில்டனில் செய்த சுகர் பேபிஸ் ஆய்வு 2013இல் லான்செட்டில் வந்தது. 35 வாரத்துக்கு மேல், முதல் 48 மணி நேரக் குழந்தைகள். ஜெல் போட்டும் சர்க்கரை ஏறாதவர்கள் 14%, வெற்று ஜெல் போட்டவர்களில் 24%. அம்மாவைப் பிரித்து என்.ஐ.சி.யூ.வுக்கு (பச்சிளம் குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) கொண்டுபோவதைத் தவிர்ப்பதுதான் இதன் பெரிய லாபம்.

ஜெல் கையிருப்பில் இல்லை என்றால், டெக்ஸ்ட்ரோஸ் 50% ஆம்பூலை உடைத்து வாயில் ஊற்றும் யோசனை வேண்டாம். தண்ணீராக ஓடும், கன்னத்தில் நிற்காது, மூச்சுக்குழாய்க்கும் போகும். பால் கொடுங்கள்.

ஜெலுத்தோங்_ஹவுஸ்மேன்

போலஸும் ஜெல்லும் ஒரே 200 மில்லிகிராம் என்றால், போலஸைக் கொடுத்துவிட்டு டிரிப் போடாமல் பாலுக்கு விட்டுவிட்டால் என்ன?

செந்தூல்_பேபிடாக்டர்

மறு இறக்கம் வரும் தம்பி. நரம்பு வழியாகச் சட்டென்று ஏறும் குளுக்கோஸைப் பார்த்ததும் ஏற்கெனவே துடிப்பாக இருக்கும் கணையம் இன்னொரு தவணை இன்சுலினை விடும். இருபது நிமிடத்தில் 4.5 பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள், ஒரு மணியில் 1.6 வரும். அதனால் போலஸ் போட்ட கையோடு டிரிப் ஓட வேண்டும். பம்ப் தயாராகும்முன் போலஸ் தள்ளாதீர்கள். டெக்ஸ்ட்ரோஸ் 25%, 50% எல்லாம் பச்சிளம் குழந்தைக்குக் கையிலேயே எடுக்காதீர்கள். நரம்பும் வேகும், மறு இறக்கமும் மோசமாக இருக்கும்.

ஜெல்லில் இந்த ஏற்றம் மெதுவாக நடக்கும், பின்னாலேயே பாலின் கொழுப்பும் புரதமும் வருகின்றன. பால் என்பது வெறும் சர்க்கரை இல்லை.

ராவாங்_மாமா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம், இனிப்புநீர் இருக்கிறது. வீட்டில் பெரியவர்கள் குழந்தை பிறந்ததும் சேனை வைக்கணும், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தால் சர்க்கரை இறங்காது என்கிறார்கள். கொடுக்கலாமா?

தாய்ப்பால்_அக்கா_பாயான்லெப்பாஸ்

கொடுக்க வேண்டாம் மாமா. டாக்டர் மேலே போலஸுக்குச் சொன்ன அதே காரணம்: சீனித் தண்ணீர் குபீரென்று ஏற்றிவிட்டு இறக்கிவிடும். சின்ன வயிறு தண்ணீரில் நிறைந்தால் சீம்பாலுக்கு இடமில்லை. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, பொட்டுலிசம் கிருமியின் வித்துக்கள் அதில் இருக்கலாம். பெரியவர்கள் மனம் நோகாமல் இருக்க, அம்மாவின் சீம்பாலையே ஒரு சொட்டு விரலில் தொட்டு வைக்கச் சொல்லுங்கள். கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு.

மகளுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது என்பதால் ஒன்று செய்யலாம். 36 வாரத்திலிருந்து கையால் சீம்பால் பிழிந்து சேர்த்து வைப்பது. மெல்பர்னில் இனிப்புநீர் உள்ள, மற்றபடி சிக்கல் இல்லாத தாய்மார்களிடம் இதைச் சோதித்தார்கள். 2017இல் லான்செட்டில் வந்தது. குழந்தைக்குக் கெடுதல் எதுவும் தெரியவில்லை. முதல் நாளில் தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகள் கூடினார்கள். செய்யும் முறை:

முதலில் மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்கள், கருப்பை வாயில் தையல் போட்டவர்கள், முன்பே பிரசவ வலி வந்து மிரட்டியவர்கள் செய்யக்கூடாது.

ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் 10 நிமிடத்துக்கு மேல் போகாமல். பம்ப் வேண்டாம், கைதான். ஆரம்பத்தில் சில சொட்டுதான் வரும், அதுவே சரி. கரண்டியிலோ சின்ன மருந்துக் கிண்ணத்திலோ பிடித்து 1 மில்லி சிரிஞ்சில் இழுத்து மூடி போடுங்கள். பெயர், ஐ.சி. எண், தேதி, நேரம் ஒட்டி உறையவையுங்கள். வயிறு இறுகி இறுகி வந்தால் நிறுத்திவிடுங்கள்.

பிரசவத்துக்குப் போகும்போது ஐஸ் பெட்டியில் எடுத்துப் போய், வார்டில் ஃபிரீசர் இருக்கிறதா என்று நுழைந்ததும் கேளுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து உருகியது 24 மணி நேரத்துக்குள் தீரவேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது.

பிறை_சிஸ்டர்

அக்கா, லேபர் ரூம் பக்கமும் சொல்லுங்க. ஓ.டி. (ஆப்பரேஷன் தியேட்டர்) ஏர்கான்ல பிள்ளைய துணியில சுத்தி ஓரமா வைக்கிறதால எத்தன பேருக்கு சர்க்கரை இறங்குது! குளிருற பிள்ள இருக்கிற சர்க்கரைய எரிச்சித்தான் சூடு பண்ணிக்கும்.

தாய்ப்பால்_அக்கா_பாயான்லெப்பாஸ்

ஆமாம் சிஸ்டர். துடைத்ததும் அம்மா நெஞ்சோடு தோல் மேல் தோல், மேலே போர்வை, தலையில் குல்லா. உடல் வெப்பம் 36.5 முதல் 37.5க்குள். முதல் நாள் குளிப்பாட்ட வேண்டாம், அழுக்கு ஒன்றும் குழந்தையைத் தின்றுவிடாது. முதல் பால் ஒரு மணி நேரத்துக்குள், அப்புறம் 2 முதல் 3 மணிக்கொரு முறை, முதல் நாள் குறைந்தது 8 தடவை. சிசேரியன் அம்மா ஓ.டி.யில் படுத்திருக்கும்போதே நெஞ்சில் வைக்கலாம், உதவிக்கு ஓர் ஆள் இருந்தால் போதும்.

மார்பில் பிடித்த குழந்தை உண்மையில் குடிக்கிறதா என்று தாடையைப் பாருங்கள். சப்பிச் சப்பி விடுவது வேறு, ஆழமாக இழுத்து நிறுத்தி விழுங்குவது வேறு. விழுங்காவிட்டால் அடுத்தது கையால் பிழிந்த சீம்பால். அதுவும் போதாமல் எண் 2.6க்குக் கீழேயே நின்றால் பால் மாவு, அம்மாவிடம் காரணம் சொல்லி, சம்மதம் வாங்கி. ஹோஸ்பிட்டல் ராக்கான் பாயி (தாய்ப்பாலை ஊக்குவிக்கும் குழந்தை நேய மருத்துவமனை) என்பதற்காகப் பால் மாவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மருத்துவக் காரணம் இருந்தால் கொடுக்கலாம் என்றுதான் விதி.

எவ்வளவு என்று கேட்டால்: முழு நாள் கணக்கு கிலோவுக்கு 60 மில்லி என்றால் 3.9 கிலோவுக்கு எட்டு தவணையில் ஒவ்வொன்றும் 29 மில்லி. சீம்பால் மட்டும் என்றால் அந்த அளவு முதல் நாளில் வராது, 2 முதல் 10 மில்லிதான் வரும். அதனால்தான் அளவு பார்த்துப் பார்த்துப் போகிறோம்.

கே.எல்_எம்ஓ_கண்ணன்

ஒரு மாற்றுக் கருத்து. நாம் தேவைக்கு மேல் குத்துகிறோம் என்று நினைக்கிறேன். 2020இல் நெதர்லாந்து ஹைப்போஎக்சிட் ஆய்வில், 100 மில்லி இரத்தத்துக்கு 47 மில்லிகிராம் சர்க்கரையில் சிகிச்சை ஆரம்பித்தவர்களையும் 36இல் ஆரம்பித்தவர்களையும் 18 மாதத்தில் ஒப்பிட்டபோது மூளை வளர்ச்சியில் பின்தங்கல் தெரியவில்லை. 36 என்பது 2.0 மில்லிமோல். அப்புறம் எதற்கு 2.6ஐப் பிடித்துத் தொங்குகிறோம்?

செந்தூல்_பேபிடாக்டர்

நல்ல கேள்வி கண்ணன், ஆனால் யாரைச் சேர்த்தார்கள் என்று பாருங்கள். பிறந்து 3 முதல் 24 மணி நேரத்துக்குள், அறிகுறி இல்லாமல், 35 முதல் 46 மில்லிகிராமுக்குள் இருந்த குழந்தைகள், 689 பேர். நம் தம்பியின் குழந்தைக்கு ஒரு மணி நேரம்தான், எண் 1.9. மில்லிகிராமுக்கு மாற்ற 18ஆல் பெருக்கினால் 34. இரண்டு காரணத்தாலும் அவன் அந்த ஆய்வுக்குள்ளேயே வரமாட்டான். அந்த ஆய்வைக் காட்டி இவனை விட்டுவைக்க முடியாது.

ஆனால் உங்கள் உள்ளுணர்வில் நியாயம் இருக்கிறது. 8 மணி நேரத்தில் 2.4, நன்றாகக் குடிக்கும் குழந்தை என்றால் நானும் பிரானுலாவுக்கு ஓட மாட்டேன். பால், ஜெல், அரை மணி. அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் 2011 வழிகாட்டியும் பிரிட்டனின் 2017 பி.ஏ.பி.எம். வழிகாட்டியும் கோட்டை வெவ்வேறு இடத்தில் போடுகின்றன, ஆனால் அறிகுறி இருந்தால் கோட்டைப் பார்க்காதே என்பதில் எல்லாரும் ஒன்று. உங்கள் மருத்துவமனை எந்தக் கோட்டைப் போட்டிருக்கிறதோ அதை எல்லா ஷிப்டும் ஒரே மாதிரி பிடிப்பதுதான் குழந்தைக்கு நல்லது. காலையில் ஒரு கோடு, இரவில் ஒரு கோடு என்றால் அம்மா குழம்பிப் போவார்.

கே.எல்_எம்ஓ_கண்ணன்

ஏற்றுக்கொள்கிறேன். பாஸ் ஓவரில் (கேஸை ஒப்படைக்கும்போது) கேட்க வேண்டியதையும் சேர்த்துவிடுகிறேன். பிரசவ நேரத்தில் அம்மாவின் சர்க்கரை 4 முதல் 7க்குள் இருந்ததா? கடைசி எச்.பி.ஏ.1.சி. (சில மாதச் சராசரிச் சர்க்கரை) எவ்வளவு? அம்மாவுக்கு லேபெட்டலோல் (இரத்த அழுத்த மருந்து) போனதா? அது குழந்தைக்கும் போய்ச் சர்க்கரையை இறக்கும், இதயத் துடிப்பையும் குறைக்கும். முதுகு ஊசிக்கு முன் வேகமாக ஏற்றிய திரவம் ஹார்ட்மனா (சர்க்கரை இல்லாத உப்புத் திரவம்), டெக்ஸ்ட்ரோஸா? டெக்ஸ்ட்ரோஸ் என்றால் குழந்தையின் கணையத்தைக் கடைசி நேரத்தில் கிளப்பிவிட்டிருப்பார்கள். குழந்தையின் நுரையீரல் முதிர அம்மாவுக்கு டெக்ஸாமெத்தசோன் போட்டிருந்தால் அம்மாவின் சர்க்கரை இரண்டு, மூன்று நாள் எகிறியிருக்கும். எடை 4 கிலோ தாண்டியதா? தோள் சிக்கியதா? சிக்கியிருந்தால் காறை எலும்பும் கை அசைவும் பார்க்கணும்.

பெருத்த குழந்தை என்றே எதிர்பார்க்கவும் கூடாது. பல வருட இனிப்புநீரால் அம்மாவின் இரத்தக் குழாய் கெட்டிருந்தால் குழந்தை மெலிந்தும் பிறக்கும். அவனிடம் கிளைக்கோஜன் கையிருப்பும் இருக்காது.

ஜெலுத்தோங்_ஹவுஸ்மேன்

சரி, டிரிப் போட்டாயிற்று என்று வையுங்கள். மணிக்கு 9.75 ஓடுகிறது, அரை மணியில் 2.2. அடுத்து?

செந்தூல்_பேபிடாக்டர்

முதலில் லைனைப் பாருங்கள். பிரானுலா இருக்கும் இடம் வீங்கியிருக்கிறதா, பம்ப் உண்மையில் ஓடுகிறதா, மூன்று வழித் திருகு திறந்திருக்கிறதா. ஏறாத சர்க்கரைக்கு முதல் காரணம் ஓடாத டிரிப்.

ஓடுகிறது என்றால் அளவை 90க்கு ஏற்றுங்கள், வேகம் 6.25. அதற்கு மேல் தண்ணீரைக் கூட்டிக்கொண்டே போக எனக்குத் தயக்கம். முதல் நாள் குழந்தைக்கு 120 ஏற்றினால் சோடியம் இறங்கும். இந்தக் குழந்தைகளில் சிலருக்கு இதயத்தின் நடுச்சுவர் தடித்திருக்கும், அதிகத் திரவம் தாங்காது. இதயத்தில் முணுமுணுப்புச் சத்தமோ, மூச்சு இரைப்போ இருந்தால் எக்கோ (இதய ஸ்கேன்) கேளுங்கள். செறிவைக் கூட்டுவது நல்லது: 12.5%ஐ 90இல் ஓட்டினால் வேகம் 7.8. 12.5% வரைதான் கை நரம்பில். அதற்கு மேல் தொப்புள் நரம்பு லைன் போன்ற மத்திய லைன் கட்டாயம். கை நரம்பில் 15% கசிந்தால் தோலே கருகிப்போகும். 10% ஓடும்போதே பிரானுலா இடத்தை மணிக்கொரு முறை பார்க்கச் சொல்வது அதனால்தான்.

லைன் கிடைக்க நேரமாகும் என்றால் குளுக்கோகன் (இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் ஹார்மோன்) தசையில் போடலாம். இனிப்புநீர் தாயின் பெருத்த குழந்தைக்குக் கல்லீரலில் கிளைக்கோஜன் நிறைய இருக்கிறது, குளுக்கோகன் பூட்டைத் திறக்கும். கண்ணன் சொன்ன மெலிந்த குழந்தைக்கு அது வேலை செய்யாது.

பிரிக்ஃபீல்ட்ஸ்_மருந்தாளர்

12.5% கலவை, 50 மில்லி சிரிஞ்சுக்கு: டெக்ஸ்ட்ரோஸ் 50% 3.1 மில்லி, டெக்ஸ்ட்ரோஸ் 10% 46.9 மில்லி. 500 மில்லிக்கு: 50% 31.25 மில்லி, 10% 468.75 மில்லி. 500 மில்லிப் பையிலிருந்து 31.25 மில்லி எடுத்துவிட்டுத்தான் 50%ஐச் சேர்க்க வேண்டும். எடுக்காமல் சேர்த்தால் செறிவும் தப்பு, மொத்தமும் தப்பு. சேர்த்ததும் நன்றாகக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்குங்கள். கெட்டியான 50% கீழே தங்கும், முதல் ஒரு மணி நேரம் குழந்தைக்கு அதுவே போகும். இரண்டு பேர் சரிபார்த்து, செறிவைப் பெரிய எழுத்தில் லேபிளில் எழுதுங்கள்.

பிறை_சிஸ்டர்

டிரிப் ஏத்துறத விட இறக்குறதுலதான் பிரச்சினை வரும். டாக்டர் வந்து "ஓ.கே., ஆஃப்" சொல்லிட்டுப் போயிடுவாரு. ராத்திரி ரெண்டு மணிக்கு 1.8னு நாங்க போன் அடிப்போம்.

செந்தூல்_பேபிடாக்டர்

சிஸ்டர் கோபம் நியாயம். அளவு 2.6க்குக் கீழே இருக்கும்வரை அரை மணிக்கொரு முறை. இரண்டு முறை மேலே வந்ததும் மணிக்கொரு முறை இரண்டு தடவை, பிறகு 2 மணிக்கொரு முறை இரண்டு தடவை, பிறகு பாலுக்கு முன் மட்டும்.

இறக்கும்போது ஒவ்வொரு முறையும் வேகத்தில் 1 மட்டும். 3.9 கிலோவுக்கு 10% டிரிப்பில் அது மணிக்கு 2.3 மில்லி. பாலைக் கூட்டி ஒரு மணி நேரம் கழித்துத்தான் டிரிப்பைக் குறைக்க வேண்டும், இரண்டையும் ஒன்றாகச் செய்யக்கூடாது. பாலுக்கு முந்தைய அளவு நிலையாக இருந்தால் அடுத்த படி. லைன் வீங்கிப்போய் நடுவே டிரிப் நின்றால், புது லைன் போடும்வரை காத்திருக்காமல் பால் கொடுங்கள், அரை மணியில் அளவு எடுங்கள்.

தாய்ப்பால்_அக்கா_பாயான்லெப்பாஸ்

இன்னொன்று: சர்க்கரை 3.8, ஆனாலும் இரண்டாம் நாள் நடுங்கும் குழந்தை. அம்மா பயந்து போய்ப் பால் மாவு கேட்பார்.

கே.எல்_எம்ஓ_கண்ணன்

கால்சியம் பாருங்க அக்கா, கூடவே மெக்னீசியம். இனிப்புநீர் தாயின் குழந்தைக்கு 24 முதல் 72 மணி நேரத்தில் இரண்டும் இறங்கும். மெக்னீசியம் குறைவை விட்டுவிட்டுக் கால்சியம் மட்டும் ஏற்றினால் ஏறவே ஏறாது. சிவப்பணு அதிகமானாலும் நடுக்கம் வரும், மஞ்சள் காமாலையும் கூடும்.

ஜெலுத்தோங்_ஹவுஸ்மேன்

கடைசிக் கேள்வி. மூன்றாம் நாள் தாண்டியும் டிரிப்பை இறக்க முடியவில்லை என்றால்?

செந்தூல்_பேபிடாக்டர்

இனிப்புநீரால் வந்த இன்சுலின் பெரும்பாலும் இரண்டு, மூன்று நாளில் அடங்கிவிடும். வேகம் 8க்கு மேல் தேவைப்படுகிறது, அல்லது 72 மணி நேரம் தாண்டியும் இறங்குகிறது என்றால் "அம்மாவுக்கு இனிப்புநீர்" என்று காரணத்தை மூடிவிடாதீர்கள். எண் இறங்கியிருக்கும் அந்த நேரத்திலேயே இரத்தம் எடுக்க வேண்டும்: லேப் குளுக்கோஸ், இன்சுலின், கார்ட்டிசால், வளர்ச்சி ஹார்மோன், கீட்டோன், கொழுப்பு அமிலம், லாக்டேட், அம்மோனியா. குளுக்கோஸ் ஏற்றிய பிறகு எடுத்தால் அந்தத் தகவல் போயிற்று. குளுக்கோஸ் தாழ்ந்திருக்கும்போது இன்சுலின் கண்டுபிடிக்கும் அளவில் இருந்து, கீட்டோனும் கொழுப்பு அமிலமும் அடங்கியிருந்தால் இன்சுலின்தான் குற்றவாளி. அப்போது என்டோகிரைன் (ஹார்மோன்) ஆட்களோடு, இன்சுலின் சுரப்பை அடக்கும் டயசாக்சைடு பற்றிப் பேச வேண்டும். தொடங்குமுன் இதயத்தையும் திரவக் கணக்கையும் பாருங்கள், அந்த மருந்து உடம்பில் தண்ணீரைத் தேக்கும்.

குழந்தை சோர்ந்து கிடந்தால் இரத்தத்துக்காகக் காக்கவைக்காதீர்கள். குழாய்களை முன்கூட்டியே பெயர் ஒட்டி ஒரு பையில் போட்டு வைத்திருந்தால் எடுப்பதற்கு இரண்டு நிமிடம்தான்.

ஜெலுத்தோங்_ஹவுஸ்மேன்

குதிகாலில் குத்தி எடுத்தால் போதுமா?

லேப்காரன்_கெப்போங்

குளுக்கோஸுக்கு மட்டும் என்றால் போதும். இன்சுலினுக்கு வேண்டாம், சிவப்பணு உடைந்த இரத்தத்தில் இன்சுலின் சிதைந்து பொய்யாகக் குறைந்து காட்டும், பிதுக்கி எடுத்த குதிகால் இரத்தம் அநேகமாக உடைந்துதான் வரும். நரம்பிலிருந்து எடுங்கள். அம்மோனியா குழாய் ஐஸில், எடுப்பதற்கு முன்பே லேபுக்கு ஒரு போன், அனுப்பும் ஆள் வாசலில் நிற்கட்டும்.